காண்டாக்டருக்கு வைத்த பொட்டு

அன்றைக்கு எனக்கு இருந்த வேலை ஒன்றே ஒன்று. மூன்று பீங்கான் பாட்டில்களைத் துணியால் துடைக்க வேண்டும், டெஸ்ட் போட்டுப் பார்க்க வேண்டும், கதவை மூடிவிட்டு வீட்டுக்குப் போக வேண்டும்.

மத்தியானச் சாப்பாட்டுக்கு வந்துவிடுவேன் என்று மனைவியிடம் சொல்லிவிட்டுக் கிளம்பினேன். எந்த நாள் மத்தியானம் என்று சொல்லவில்லை. அதனால் அது பொய்யில் சேராது.

எழுபதுகளின் நடுவில் நடந்த சங்கதி. படாளத்துக்குப் பக்கத்தில் வைக்கோலை வேகவைத்து, அரைத்து, அட்டை போடுகிற மில்லில் நான் எலக்ட்ரீஷியன். காலேஜ், பாலிடெக்னிக் எதன் வாசலையும் மிதித்ததில்லை. ஷாக் அடித்து அடித்து வந்த படிப்பு. பத்து வருஷத்துக்கும் மேலாக நைட் ஷிப்ட்.

நைட் ஷிப்ட்காரன் வீட்டில் ஒரு சாமான் மாதிரி. பகலெல்லாம் கூடத்தில் நீட்டி வைத்திருப்பார்கள். வருகிறவர்கள் தாண்டிக்கொண்டு போவார்கள். "மெதுவா பேசுங்க, அவரு தூங்கறாரு" என்று என் மனைவி சொல்லிச் சொல்லி, எங்கள் வீட்டில் சண்டைகூட ரகசியமாகத்தான் நடக்கும். என் பெண்ணுக்கு என் முகம் தெரியும். கண் திறந்த முகம் தெரியுமா என்பது சந்தேகம்தான்.

பகல் ஷிப்டில் இருந்த எலக்ட்ரீஷியன் ரிடையர் ஆகிற நேரம் அது. மானேஜர் ரங்கநாதன் என்னைக் கூப்பிட்டார். கூடுவாஞ்சேரியிலிருந்து தினமும் ரயிலில் வந்து போகிற மனிதர். பாதி மனசு எப்போதும் ரயில் டைமில் இருக்கும்.

"தங்கவேலு, விஜயதசமி அன்னிக்கு மில்லு லீவு. நீ பகல்ல வந்து அந்தப் புது காண்டாக்டர சர்வீஸ் பண்ணு. சாயந்தரம் பெரிய மோட்டார் ஓடணும். தொட்டி நெறைய வெந்த வைக்கோல் கெடக்கு. அரைக்கலன்னா புளிச்சு நாறிடும். ஓட விட்டுட்டேன்னா பகல் ஷிப்ட் உனக்கு."

"ஓடலன்னா சார்?"

"மெட்ராஸ்ல டிப்ளமா படிச்ச பையன் ஒருத்தன் மனு போட்டிருக்கான்."

விஷயம் அவ்வளவுதான். மோட்டார் ஓடினால் நான் மனுஷன். ஓடாவிட்டால் கூடத்துச் சாமான்.

காண்டாக்டர் என்பது வேறொன்றுமில்லை, பெரிய மோட்டாருக்குச் சுவிட்ச். வீட்டு சுவிட்ச் மாதிரி இல்லை, மூவாயிரத்துச் சொச்சம் வோல்ட்டை முறிக்கிற சுவிட்ச். பழைய மாடலில் அதற்கு ஒரு கௌரவம் இருந்தது. நிறுத்தும்போது உள்ளே மின்னல் அடிக்கும், கரி பிடிக்கும். சர்வீஸ் என்றால் திறந்து, செம்பு முனைகளுக்கு அரம் போட்டு, கரியைச் சுரண்டி, முகமெல்லாம் கறுப்பாக வெளியே வருவோம். பார்க்கிறவர்கள் டீ வாங்கித் தருவார்கள்.

புதுசாக இறங்கியது வேக்குவம் காண்டாக்டர். கப்பலில் வந்தது. முனைகள் இரண்டும் பீங்கான் பாட்டிலுக்குள் இருக்கும். உள்ளே காற்றே கிடையாது. காற்று இல்லாத இடத்தில் மின்னல் பிழைக்காது, உடனே செத்துவிடும். கரி இல்லை, சத்தம் இல்லை, அரத்துக்கு வேலை இல்லை. பாட்டிலைத் திறக்கவும் முடியாது. திறந்தால் குப்பை.

அப்படியானால் சர்வீஸ் என்ன? வெளியே சுத்தமாகத் துடைக்க வேண்டும். போல்ட்டுகளை முடுக்க வேண்டும். பிறகு ஒவ்வொரு பாட்டிலுக்கும் டெஸ்ட் பெட்டியிலிருந்து வோல்ட்டேஜை ஏற்றிப் பார்க்க வேண்டும். தாங்கினால் உள்ளே காற்றில்லை. தாங்காமல் பெட்டியின் சுவிட்ச் 'டப்' என்று விழுந்தால் காற்று புகுந்துவிட்டது, பாட்டில் போச்சு. வாழ்நாளெல்லாம் கையைக் கறுப்பாக்கிக்கொண்ட எனக்கு இந்த வேலை பாத்திரம் துடைக்கிற மாதிரி இருந்தது.

என்னோடு அன்று வந்தவர்கள் இரண்டு பேர். ஒருவர் மேஸ்திரி முனுசாமி. நெற்றியில் பட்டை இல்லாமல் அவரை அவர் வீட்டு நாய்கூட அடையாளம் காணாது. இன்னொருவர் ஃபிட்டர் காதர் பாய். செங்கல்பட்டு மார்க்கெட்டில் அவர் அண்ணன் தம்பிகள் எல்லாரும் கடை வைத்திருக்க, இவர் மட்டும் ஸ்பேனரைப் பிடித்து வந்தவர்.

பானல் ரூமில் கரண்டை வெட்டி, எர்த் கம்பி மாட்டி, காண்டாக்டர் இருக்கிற பானலின் கதவைத் திறந்தேன்.

முந்தின நாள் ஆயுத பூஜை. மேஸ்திரி கைவரிசை உள்ளே தெரிந்தது. ஓரத்துப் பாட்டில்கள் இரண்டுக்கும் சின்னதாகச் சந்தனம், குங்குமம். நடுப் பாட்டிலுக்கு மட்டும் விபூதிப் பட்டை மூன்று, அதன்மேல் எட்டணா அகலத்துக்குச் சந்தனம், அதன்மேல் குங்குமம். குழைத்த சந்தனம் நீர்த்துப்போய், பாட்டிலின் மேலிருந்து கீழ்வரை கோடாக வழிந்திருந்தது.

"இன்னா மேஸ்திரி, நடுவுல இருக்கறதுக்கு மட்டும் இவ்ளோ?"

"நடுவுல கீறவருதான் மூலவரு. சைடுல கீறதுங்க பரிவாரம்."

எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. ஸ்பிரிட்டில் துணியை நனைத்துத் துடைக்க ஆரம்பித்தேன். மேலே துடைத்தேன். கீழே துடைத்தேன். பின்பக்கம் கையை விட்டுத் துடைத்தேன். பொட்டு வந்த இடத்தில் துணியை வளைத்து, பட்டை வந்த இடத்தில் தூக்கி, வழிந்த கோட்டின் இரண்டு பக்கமும் நூல் பிடித்த மாதிரி துடைத்தேன். ஒரு சொட்டுச் சந்தனம் கலையவில்லை.

சிரிக்கிறவர்கள் நெஞ்சைத் தொட்டுச் சொல்லுங்கள். பூஜை போட்ட பொட்டை யாராவது துணி போட்டு அழிப்பார்களா? அதுவாக உதிரும். உதிராவிட்டால் அடுத்த வருஷப் பொட்டு அதன்மேல் ஏறும். எங்கள் மில்லில் லேத் மெஷினைச் சுரண்டினால் அதற்கு எத்தனை வயசு என்று பொட்டை வைத்தே சொல்லலாம்.

காதர் பாய் நான் துடைக்கிறதையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"அண்ணாத்த, வெளில ஒயுங்கா தொடச்சியா?"

"முகம் தெரியற மாதிரி தொடச்சிருக்கேன் பாய்."

"ஒண்ணுமில்ல, கேட்டேன்."

டெஸ்ட் பெட்டியை மாட்டினேன். இடது பாட்டில் தாங்கியது. வலது பாட்டில் தாங்கியது. மூலவருக்கு ஏற்றினேன். குமிழைப் பாதிகூடத் திருப்பவில்லை.

டப்.

மறுபடி ஏற்றினேன். மறுபடி டப்.

"பூட்ச்சு" என்றேன். டாக்டர் கண்ணாடியைக் கழற்றுகிற மாதிரி துணியைக் கீழே வைத்தேன். "உள்ள காத்து பூந்துட்ச்சு."

"வெளில ஏதாச்சும்…" என்று காதர் பாய் ஆரம்பித்தார்.

"பாய், இது பழைய மாடல் இல்ல. இதுல கோளாறு வெளில வராது. எல்லாம் உள்ளதான். வேக்குவம்னா இன்னான்னு, இதோட வந்த புஸ்தகத்த நான் ராத்திரி ராத்திரி டிக்‌ஷனரி வெச்சுகினு படிச்சவன்."

அவர் ஸ்பேனரைத் துடைக்க ஆரம்பித்தார். படித்தவன் பேச்சுக்கு மறு பேச்சு உண்டா?

மானேஜரிடம் போனேன். லீவு நாளிலும் வந்து உட்கார்ந்திருந்தார். விஷயத்தைச் சொன்னதும் முகம் வைக்கோல் நிறத்துக்கு வந்தது.

"ஸ்பேர் பாட்டில் ஒண்ணு இருக்கு. ஆனா இங்க இல்ல."

"ஸ்டோர்ஸ்லயா சார்?"

"இம்போர்ட் சாமான ஸ்டோர்ஸ்ல வெச்சா எலி கடிச்சிடும்னு முதலாளி மாமல்லபுரம் பங்களாவுல வெச்சிருக்கார். ஜீப்ப அவங்க வீட்டுக்காரங்க கோயிலுக்கு எடுத்துட்டுப் போயிருக்காங்க. நீ பஸ்ஸுல போயிட்டு வந்துடு."

பீங்கானைக் கடிக்கிற எலி எந்த ஊரில் இருக்கிறது என்று நான் கேட்கவில்லை. பகல் ஷிப்ட் கேட்கிறவன் கேள்வி கேட்கக் கூடாது.

பத்து வருஷமாக வெயிலைப் பார்த்தால் போர்வையை இழுத்துக்கொள்கிறவன் நான். ஜி.எஸ்.டி. ரோட்டில் நட்ட நடுப் பகலில் பஸ்ஸுக்கு நின்றேன். கண்ணைச் சுருக்கிச் சுருக்கிப் பார்த்ததில், பக்கத்தில் நின்ற பொம்பளை நான் முறைக்கிறேன் என்று நினைத்து நகர்ந்து போய்விட்டாள்.

செங்கல்பட்டில் இறங்கி மாமல்லபுரம் பஸ் பிடித்தேன். அந்த பஸ்ஸுக்கும் முந்தின நாள் பூஜை. இரண்டு பக்கமும் வாழைக்கன்று. முன் கண்ணாடியில் டிரைவர் முகத்துக்கு நேராக உள்ளங்கை அளவு சந்தனம். டிரைவர் அதற்கு இந்தப் பக்கமாகக் குனிந்து கொஞ்ச தூரமும், அந்தப் பக்கமாகச் சாய்ந்து கொஞ்ச தூரமும் ஓட்டினார். திருக்கழுக்குன்றம் தாண்டி ஒரு மாட்டு வண்டி சந்தனத்துக்குப் பின்னால் மறைந்துபோய், கடைசி நொடியில் மறுபக்கம் முளைத்தது. பஸ்ஸே எழுந்து உட்கார்ந்தது.

"அத்தத் தொடச்சுடேன்யா" என்று பின்னாலிருந்து ஒரு வெளியூர்க்காரர் கத்தினார்.

பஸ் முழுக்க அவரைத் திரும்பிப் பார்த்தது. நானும் திரும்பி முறைத்தேன். டிரைவர் சாய்ந்தபடியே ஓட்டினார்.

பங்களா கடலைப் பார்த்த மாதிரி இருந்தது. காவல்காரர் வலை பார்க்கப் போயிருந்தார். அவர் மனைவி செல்லம்மாள்தான் இருந்தாள். குப்பத்துக்காரி, வாய்க்குப் பூட்டு இல்லாதவள்.

"வெள்ளையா, உருளையா, மேல செம்புக் கம்பி நீட்டிகினு ஒரு சாமான்…" என்றேன்.

"அதுவா? ஷோகேஸ்ல கீது. பீரோவுல கெடந்துச்சு. வெள்ளக்காரங்க வந்தா பாக்கட்டுமேன்னு எடுத்து வெச்சேன். ஒரு அம்மா அதுல பூ சொருவலாமான்னு கேட்டுச்சு. வாயே இல்ல, எங்க சொருவறது?"

கண்ணாடி அலமாரியில் சோழிப் பொம்மைக்கும் பீங்கான் நாய்க்கும் நடுவில் ஸ்பேர் பாட்டில் நின்றது. அதன் வயிற்றில் குங்குமம். எண்ணெய் போட்டுக் குழைத்து, வட்டமாக, பெரிசாக.

"இதுக்கும் வெச்சியா?"

"ஆயுத பூஜ இல்ல? பிரிட்ஜுக்கு வெச்சேன், பேனுக்கு வெச்சேன். இத்த மட்டும் உட்டா கோச்சுக்காதா?"

எனக்குச் சந்தோஷமாகப் போய்விட்டது. போன காரியம் மங்களகரமாக முடிந்ததாக நினைத்து, துண்டில் சுற்றி எடுத்துக்கொண்டு கிளம்பினேன்.

திரும்பி வருகிற பஸ்ஸில் என் பக்கத்தில் ஒரு மீன்காரம்மா. கூடையைக் காலடியில் வைக்க இடமில்லாமல் இரண்டு பேர் மடியிலும் பாதிப் பாதியாக வைத்தாள். என் பாதியில்தான் பாட்டிலும் இருந்தது. ரோட்டில் பள்ளம் வரும்போதெல்லாம் நான் பாட்டிலைக் கட்டிப் பிடித்துக்கொண்டேன். கூடையிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டே வந்தது.

"இன்னா அண்ணாத்த, கைக்கொயந்தையா?"

"மெஷின் சாமான்மா."

"உள்ள இன்னா கீது?"

"ஒண்ணும் இல்ல."

"ஒண்ணும் இல்லாததையா இப்பிடிக் கட்டிகினு வர?"

"ஒண்ணும் இல்லாததாலதான்மா அதுக்கு வெல. காத்துகூட இருக்கக் கூடாது. கப்பல்ல வருது."

அவள் துண்டை விலக்கிப் பாட்டிலைப் பார்த்தாள். "எங்க வூட்டுக்காரரு தலையும் அப்பிடித்தான், உள்ள ஒண்ணும் கெடையாது. இத்தினி வருஷத்துல ஒருத்தன் வந்து வெல கேக்கல."

பின் சீட்டில் இரண்டு பேர் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. சாயங்காலத்துக்குள் மோட்டார் ஓடியாக வேண்டும். என் பெண் பள்ளிக்கூடம் விட்டு வருகிறபோது நான் உட்கார்ந்துகொண்டு இருக்க வேண்டும். அந்த ஆசையை மீன் தண்ணியோடு சேர்த்து மடியில் வைத்துக்கொண்டு படாளம் வந்து சேர்ந்தேன்.

மில்லில் இறங்கியபோது தொட்டிப் பக்கமிருந்து புளித்த வாடை வர ஆரம்பித்திருந்தது. மானேஜர் வாசலிலேயே நின்றார்.

துண்டைப் பிரித்தேன். மீன் தண்ணீர் உள்ளே இறங்கி, எண்ணெய்க் குங்குமம் பாட்டில் பூராவும் செந்நிறமாக ஒழுகியிருந்தது. மேஸ்திரி பார்த்துப் பூரித்துப்போனார்.

"வரும்போதே அபிஷேகம் ஆயி வந்துகீது பாரு."

மீன் கவிச்சியைப் போக்க ஸ்பிரிட் போட்டுத் துடைத்தேன். எப்படித் துடைத்திருப்பேன் என்று உங்களுக்கே தெரியும். பொட்டையும் ஒழுகின கோட்டையும் தொடவில்லை. பழைய பாட்டிலைக் கழற்றிப் புதுசை மாட்டினேன். மூலவர் இடத்துக்கு வந்தவருக்குப் பட்டை இல்லாமல் போகக் கூடாது என்று மேஸ்திரி விபூதியைத் தண்ணீரில் குழைத்து மூன்று கோடு இழுத்தார்.

காதர் பாய் தொண்டையைக் கனைத்தார். "அண்ணாத்த, வெளில…"

"பாய், புது பாட்டில் பாய்."

பெட்டியை மாட்டினேன். குமிழைத் திருப்பினேன்.

டப்.

மானேஜர் என்னைப் பார்த்தார். நான் பாட்டிலைப் பார்த்தேன். பாட்டில் பொட்டோடு எங்கள் இருவரையும் பார்த்தது.

"இதுவும் போச்சு சார்" என்றேன். "ஷோகேஸ்ல வெச்சிருந்ததுல காத்து பூந்திருக்கும். கடக்கரக் காத்து வேற."

"கப்பல்ல கடல் தாண்டி வந்ததுய்யா அது."

"அப்ப அது பெட்டிக்குள்ள இருந்துது சார்."

இப்படி ஒரு பதிலை நான்தான் சொன்னேன். சொல்லும்போது அறிவாளித்தனமாகக்கூட இருந்தது.

மானேஜர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். ரயிலுக்காகவா, தொட்டிக்காகவா, டிப்ளமாக்காரனுக்காகவா தெரியவில்லை. "நாளைக்கு அந்தப் பையன வரச் சொல்லி தந்தி அடிச்சுடறேன்" என்று திரும்பினார்.

அப்போதுதான் காதர் பாய் வாய் திறந்தார். யாரிடமும் சொல்லவில்லை, சுவரிடம் சொன்னார். "ரூம்ல லைட்ட அணைச்சுட்டு, இன்னொரு தபா மெதுவா ஏத்திப் பாக்கலாமே."

மூழ்குகிற கப்பலில் எது ஏறினால் என்ன என்று கதவைச் சாத்தி லைட்டை அணைத்தோம். எல்லாரையும் எட்ட நிற்க வைத்து, குமிழை மெதுவாகத் திருப்பினேன்.

இருட்டில் நடுப் பாட்டிலின் மேல் விளிம்பில் நீலமாக ஒரு பொறி. அது இறங்கி முதல் பட்டையைப் பிடித்தது. 'உஸ்' என்று பட்டை முழுக்க நீலமாக ஓடியது. இரண்டாவது பட்டை, மூன்றாவது பட்டை. பிறகு குங்குமத்தைச் சுற்றி வட்டமாக ஒளி. அங்கிருந்து ஒழுகின கோட்டைப் பிடித்துக் கீழே இறங்கி, டப்.

உள்ளே காற்றுமில்லை, கோளாறுமில்லை. ஈரப் பட்டையும் பொட்டும் பாலம் போட்டுக் கொடுக்க, கரண்டு சொகுசாக வெளியிலேயே நடந்து போயிருக்கிறது. நான் அதைக் காலையிலிருந்து நகை மாதிரி பாதுகாத்திருக்கிறேன்.

"சார், வேக்குவம் நல்லாத்தான் இருக்கு. பொட்டுதான்…" என்று ஆரம்பித்தேன்.

முடிக்கவில்லை. பின்னால் 'தொப்' என்று சத்தம். லைட்டைப் போட்டால் மேஸ்திரி தரையில் விழுந்து கும்பிட்டுக்கொண்டிருக்கிறார்.

"ஜோதி காட்டினாரு தங்கவேலு. பட்டையிலயே காட்டினாரு. நா வெச்ச பட்ட."

"மேஸ்திரி, அது லீக்கேஜ்."

"இன்னான்னா சொல்லிக்கோ" என்று எழுந்து வெளியே ஓடினார். கற்பூரத்துக்கு ஓடியிருக்கிறார் என்பது, அவர் மில் காலனியிலிருந்து ஒரு கூட்டத்தையே கூட்டிக்கொண்டு வந்தபோதுதான் தெரிந்தது. லீவு நாள், வேறு பொழுதுபோக்கும் இல்லை. பானல் ரூம் வாசலில் செருப்புகள் குவிந்தன. ஒரு அம்மா தேங்காயே கொண்டுவந்துவிட்டாள்.

மானேஜர் பிரச்சினையைப் புரிந்துகொண்டார். "சரி, தொடச்சுடுங்கப்பா."

யாரும் அசையவில்லை.

"மேஸ்திரி, நீங்க வெச்சதுதானே. நீங்களே தொடைங்க."

"வெக்கறதுதான் சார் என் வேல."

"தங்கவேலு?"

"சார், நீங்க பெரியவரு. உங்க கையால…"

"எங்க வீட்ல பொண்ணுக்கு ஜாதகம் பாத்துகிட்டிருக்கோம்யா" என்று அவர் இரண்டடி பின்னால் போனார்.

அப்போதுதான் எனக்கு அந்த யோசனை வந்தது. எங்கள் யூனியன் செயலாளர் அறிவழகன். பிறக்கும்போது வேறு பெயர், பகுத்தறிவு வந்தபின் மாற்றிக்கொண்டார். கேட் மீட்டிங்கில் மைக்கைப் பிடித்தால் கல்லையும் மண்ணையும் கும்பிடுகிறவர்களைக் கிழித்துத் தோரணம் கட்டுவார். காலனியிலிருந்து அவரைக் கூட்டி வந்தார்கள். கறுப்புச் சட்டையோடு வந்தார். கூட்டம் வழி விட்டது.

"தோழர், இந்தப் பொட்ட நீங்க தொடைக்கணும்" என்றேன். "உங்களுக்கு இதுல நம்பிக்க கிடையாது."

அவர் பாட்டிலைப் பார்த்தார். கூட்டத்தைப் பார்த்தார். கூட்டத்தின் முன்வரிசையில் அவர் மனைவி கன்னத்தில் போட்டுக்கொண்டிருந்ததையும் பார்த்தார்.

"கொள்கை அளவுல எனக்குத் தடையில்ல" என்றார். "ஆனா தொழிலாளர்களோட உணர்வு சம்பந்தப்பட்டது. செயற்குழுவக் கூட்டாம நான் தனியா முடிவெடுக்க முடியாது."

"ஒரு துணி தொடைக்க செயற்குழுவா?"

"ஜனநாயகம் தோழர்."

வாசலில் கற்பூரம் எரிந்தது. தொட்டியில் வைக்கோல் புளித்தது. காதர் பாய் என் பக்கத்தில் வந்து மெதுவாக நின்றார்.

"பாய், காலைலயே தெரியுமா உனக்கு?"

"நீ கோயில் பிராகாரம் சுத்தறா மாதிரி பொட்ட சுத்திச் சுத்தித் தொடச்சியே, அப்பவே தெரியும்."

"வாயத் தொறந்து சொல்றதுக்கு இன்னா?"

"நா சொன்னா பாட்டிலு சரியாயிடும். நாளைக்கு மார்க்கெட்ல 'பாய் பொட்ட அழிக்கச் சொன்னாரு'ன்னு ஒரு பேச்சு நடக்கும். பாட்டில் கெட்டா கப்பல்ல வேற வரும் அண்ணாத்த. ஜனங்க பயக்கம் கெட்டா எந்தக் கப்பல்ல வரும்?"

 அதற்கு அர்த்தம் சொல்ல என் டிக்‌ஷனரியில் ஒன்றும் இல்லை.

மானேஜர் மறுபடி கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "தந்தி ஆபீஸ் மூடறதுக்குள்ள ஒரு முடிவு சொல்லுங்கப்பா."

கரண்டை வெட்டினேன். எர்த் மாட்டினேன். ஸ்பிரிட்டில் துணியை நனைத்தேன்.  மனசுக்குள் தெரிந்த சாமி பேரையெல்லாம் சொல்லி, கண்ணை மூடிக்கொண்டு ஒரே இழுப்பு. கண்ணைத் திறந்தால் பாதிப் பட்டை போய், பொட்டு அப்படியே இருந்தது. கண்ணைத் திறந்துகொண்டே இன்னொரு இழுப்பு. துணி சிவந்தது. பாட்டில் வெள்ளையானது. பின்னால் ஒரு அம்மா 'ஐயோ' என்றாள்.

டெஸ்ட் போட்டேன். முள் அசையவில்லை. குமிழை ஏற்ற வேண்டிய அளவுக்கு ஏற்றினேன். பாட்டில் கல் மாதிரி தாங்கியது. கூடவே, காலையில் நான் போச்சு என்று சொன்ன பழைய பாட்டிலையும் துடைத்து டெஸ்ட் போட்டேன். அதுவும் தாங்கியது. நான் கடல் வரைக்கும் போய் மீன் தண்ணீரில் நனைந்து வந்ததற்கு ஒரு காரணமும் இல்லை என்று விஞ்ஞானபூர்வமாக நிரூபணமானது.

சுவிட்சைப் போட்டோம். 'டக்' என்று ஒரு சின்னச் சத்தம். பெரிய மோட்டார் உறுமிக்கொண்டு கிளம்பியது. தொட்டியில் வைக்கோல் சுழன்றது. மானேஜர் என் முதுகில் தட்டினார். "பகல் ஷிப்ட் உனக்குத்தான்யா."

நான் அன்று வீட்டுக்கு எப்படிப் போனேன் என்று ஞாபகமில்லை. மனைவியிடம் சத்தமாகச் சொன்னேன். பழக்கமில்லாததால் என் பெண் பயந்து அழுதாள்.

அந்த வாரத்திலேயே வினை ஆரம்பித்தது. கேன்டீனில் பால் திரிந்தது. மேஸ்திரி சைக்கிளில் டயர் வெடித்தது. கட்டிங் செக்‌ஷனில் ஒருத்தருக்கு விரலில் அட்டை கிழித்தது. மூன்றுக்கும் காரணம் நான். டைம் ஆபீஸ் பக்கம் நான் வந்தால் பெண்கள் பேச்சை நிறுத்தினார்கள். "பொட்ட அழிச்ச கை" என்று என் கையைப் பார்த்தார்கள். அறிவழகன் செயற்குழுவைக் கூட்டினார். 'தொழிலாளர் உணர்வைப் புண்படுத்தும் போக்கை' ஒருமனதாகக் கண்டித்தார்கள்.

மானேஜர் கூப்பிட்டனுப்பினார்.

"தங்கவேலு, நான் கொடுத்த வாக்குல மாத்தமில்ல. ஆனா பகல்ல ஆளுங்க உன்னப் பாத்தா கொதிக்கறாங்க. அவங்க கோவம் ஆறட்டும். கொஞ்ச நாள் நைட்லயே இரு."

"எவ்ளோ நாள் சார்?"

"அடுத்த ஆயுத பூஜ வரைக்கும் பாப்போம். அது வரைக்கும் ரிடையர் ஆகறவரையே இருக்கச் சொல்றேன்."

நான் நாள் எண்ணிக்கொண்டு காத்திருந்தேன். அடுத்த ஆயுத பூஜையும் வந்தது. மேஸ்திரி போன வருஷத்து ஜோதியை நினைத்து, மூலவருக்கு இரண்டு மடங்கு சந்தனம் அப்பினார். வேண்டாம் என்று சொல்ல மானேஜருக்குத் தைரியமில்லை. சாயங்காலம் என்னைத் தனியாகக் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார்.

"எல்லாரும் போனப்பறம் நீ அத்த சத்தமில்லாம தொடச்சு மூடிடு. காலைல கேட்டா தானா உதிர்ந்துடுச்சுன்னு சொல்லிக்கலாம்."

"சார், பகல் ஷிப்ட்?"

அவர் என்னைப் பாவமாகப் பார்த்தார்.

"யோசிச்சுப் பாருய்யா. பகல்ல பொட்டு வெக்க மில்லு பூரா ஆள் இருக்கு. ராத்திரில தொடைக்க உன்ன விட்டா யாரு இருக்கா? உன்னப் போய் நான் எப்படி பகலுக்கு மாத்தறது?"

டிப்ளமாக்காரப் பையன் பகல் ஷிப்டில் சேர்ந்தான்.

அதற்கப்புறம் மில்லுக்கு எந்தப் புது மெஷின் வந்து இறங்கினாலும், எல்லாரும் அதன் விலையைக் கேட்பார்கள். நான் அதற்கு நெற்றி எந்தப் பக்கம் என்று பார்ப்பேன்.